தக்காளி இழந்த சுவை

தமிழர் வீட்டு அடுக்களையில் தக்காளி இல்லாமல் கழியும் நாள்கள் மிகச் சிலவே. அக்கனியின் நிறம் இன்று முன்னைவிடச் சீராக இருக்கிறது, வடிவமும் ஒழுங்குபட்டிருக்கிறது. ஆயினும், 'பழைய சுவை இல்லை' என்னும் குறை பல வீடுகளில் கேட்கிறது. இக்குறை கடந்த காலத்தை எண்ணி ஏங்கும் மனத்தின் கற்பனையா, ஆய்வால் மெய்ப்பிக்கத்தக்க உண்மையா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சத்திரத்தில் ஒரு காலைப்பொழுது

திருச்சிராப்பள்ளியின் சத்திரம் பேருந்து நிலையம் விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்கிறது. ஒருபுறம் மலைக்கோட்டை, மறுபுறம் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்லும் சாலை. கல்லூரி மாணவர், அலுவலகம் செல்வோர், கோயிலுக்குப் போவோர் எனப் பலரும் கூடிப் பிரியும் இந்த இடத்தைச் சுற்றிக் காய்கறி விற்போரும் கடை விரிக்கின்றனர். காந்தி சந்தையில் மொத்த விலைக்கு வாங்கிய தக்காளியைச் சாக்கின்மேல் இருவேறு குவியலாகக் கொட்டி வைப்பது அவர்களது வழக்கம். ஒரு குவியலில் இருப்பவை சற்றே தட்டையாக, தோள்பகுதியில் வரிப்பள்ளங்களுடன், அழுத்தினால் குழையும் பழங்கள். அவற்றை 'நாட்டுத் தக்காளி' என்பர். மற்றொரு குவியலில் இருப்பவை முட்டை வடிவில், தடித்த தோலுடன், ஒன்றைப்போலவே மற்றொன்றும் அமைந்த பழங்கள். அவற்றைப் 'பெங்களூர்த் தக்காளி' என்பர்.

திருவரங்கம் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்மணி குனிந்து பழங்களைப் பார்த்தவுடன், "ரசத்துக்காம்மா, வச்சிருந்து எடுக்கவா?" என்று கேட்கிறார் விற்பவர். "இன்னைக்கு ரசத்துக்குத்தான். நாட்டுப்பழமா பார்த்துப் போடும்மா" என்பது மறுமொழி.

இச்சிறு உரையாடலில் ஓர் ஆழ்ந்த அறிவு பொதிந்திருக்கிறது. உடனே சமைத்து உண்பதற்கான பழமும், பல நாள் கெடாமல் இருப்பதற்கான பழமும் வேறுவேறு என்பதைத் தெருவோர வணிகர் அறிந்திருக்கிறார். சில அடி தொலைவில் குளிரூட்டப்பட்ட பல்பொருள் அங்காடி இருக்கிறது. அங்கு அடுக்கப்பட்டுள்ள தக்காளிகள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அங்கே 'எதற்காக வாங்குகிறீர்கள்?' என்று கேட்க ஆளில்லை. அங்காடிக்குத் தேவையானது நெடுநாள் தாங்கும் பழம். அந்தத் தேவைதான் தக்காளியின் வரலாற்றையே மாற்றியது.

கடல்கடந்து வந்த கனி

தக்காளியின் தாயகம் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள ஆண்டிஸ் மலைப்பகுதி. அங்கு வளர்ந்த காட்டுத் தக்காளியின் கனிகள் சுண்டைக்காய் அளவே இருந்தன. மெக்சிகோப் பகுதி மக்கள் அதனைப் பயிராக்கிப் பெரிய கனியாக வளர்த்தெடுத்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். பின்னர்ப் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த தக்காளி, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் பரவலாகப் பயிரிடப்பட்டது. வைணவக் கோயில் மடைப்பள்ளிகளின் பழைய சமையல் மரபில் புளியும் மிளகும் இடம்பெற, தக்காளியும் மிளகாயும் விலக்கப்பட்டிருப்பது அவ்விரண்டும் பின்னாளில் வந்தவை என்பதற்குச் சான்றாகும். ஆக, 'நாட்டுத் தக்காளி' என்னும் பெயரில் உள்ள 'நாடு' பிறப்பிடத்தைக் குறிப்பதன்று; பழகிய சுவையைக் குறிப்பதாகும்.

தெரிந்து தெளிவோம்
'தக்காளி' என்னும் சொல், இக்கனி வருவதற்கு முன்பே தமிழில் வழங்கியது. மணத்தக்காளி இம்மண்ணில் நெடுங்காலமாக வளரும் செடி. அயலிலிருந்து வந்த புதிய கனியை அதனோடு ஒப்பிட்டுச் 'சீமைத் தக்காளி' என்றனர். காலப்போக்கில் 'சீமை' உதிர்ந்து, பழஞ்சொல் புதுக்கனிக்கே உரியதாயிற்று. மணத்தக்காளி, தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் 'சொலானம்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்று தாவரவியல் கூறுகிறது. அயற்கனிக்குப் பெயர் சூட்டிய தமிழரின் கூர்நோக்கு வியக்கத்தக்கது.

சுவை எதனால் ஆனது?

பழுத்த தக்காளியில் ஏறத்தாழ 94 விழுக்காடு நீர். எஞ்சிய சிறுபகுதியில்தான் சுவை அடங்கியுள்ளது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரைகள் இனிப்பைத் தருகின்றன. சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் புளிப்பைத் தருகின்றன. குளுட்டாமிக் அமிலம், ரசத்துக்கும் குழம்புக்கும் நிறைவு தரும் ஒருவகைச் சாறுச்சுவையை அளிக்கிறது. இவை மூன்றும் நாவால் உணரத்தக்கவை.

ஆயினும், தக்காளியைத் தக்காளியாக அடையாளம் காட்டுவது நாவன்று, மூக்கே ஆகும். பழத்தை மெல்லும்போது அதிலுள்ள ஆவியாகும் சேர்மங்கள் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைகின்றன. மூளை அம்மணத்தையும் நாவின் சுவையையும் ஒன்றாக இணைத்து 'இது தக்காளி' என உணர்கிறது. சளி பிடித்த நாளில் எந்த உணவும் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுவே. தக்காளியில் நானூற்றுக்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறத்தாழ முப்பது மட்டுமே சுவையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. சில சேர்மங்கள் கசக்கிய இலையின் மணம் தருபவை. சில பழமணம் தருபவை. ரோசாப்பூவின் மணத்துக்குக் காரணமான சேர்மம் ஒன்றும் தக்காளியில் உண்டு. பழத்துக்குச் செந்நிறம் தரும் லைக்கோபீன் போன்ற நிறமிகள் சிதையும்போதும் மணப்பொருள்கள் உருவாகின்றன. இவற்றுள் சில, சர்க்கரையின் அளவு கூடாமலே இனிப்பைக் கூட்டி உணரச் செய்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

சுவை குறைந்துவிட்டது என்னும் மக்களின் குறையை அறிவியல் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி கிளீ, டெனிஸ் டீமன் முதலிய ஆய்வாளர்கள், சீன அறிவியலாளருடன் இணைந்து, காட்டுத் தக்காளி, மரபு ரகங்கள், இன்றைய வணிக ரகங்கள் என 398 வகைகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, அதன் முடிவை 2017இல் வெளியிட்டனர். சுவைக்கு இன்றியமையாத மணச்சேர்மங்களுள் 13, இன்றைய வணிக ரகங்களில் பெரிதும் குறைந்துள்ளன என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. பழம் பெரிதாகப் பெரிதாக அதன் சர்க்கரைச் செறிவு குறைகிறது என்பதையும் அவ்வாய்வு உறுதிசெய்தது. ஆக, பாட்டியின் குறை வெறும் நினைவேக்கமன்று.

பயணத்திற்காகப் பறிக்கப்படும் காய்

தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டுக்கல், திருப்பூர் முதலிய மாவட்டங்களில் தக்காளி மிகுதியாக விளைகிறது. கர்நாடகத்தின் கோலார், ஆந்திரத்தின் மதனப்பள்ளி ஆகியவையும் தென்னிந்தியாவின் பெருஞ்சந்தைகள். ஒட்டன்சத்திரத்தில் ஏற்றப்படும் பெட்டி, காந்தி சந்தைக்கு வந்து சத்திரம் பேருந்து நிலையத்தின் ஓரத்தை அடைவதற்குள், சத்திரத்திலிருந்து சத்திரத்திற்கு ஒரு பெரும்பயணத்தை முடித்துவிடுகிறது. அப்பயணத்தில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கப்படும் பழங்கள் நசுங்காமல் இருக்க வேண்டும்.

எனவே, நெடுந்தொலைவுக்குச் செல்லும் தக்காளி செடியில் முழுதாகப் பழுக்கும் முன்பே பறிக்கப்படுகிறது. தக்காளி, பறித்த பின்னும் பழுக்கும் இயல்புடையது. பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்னும் வாயு பழுத்தலைத் தூண்டுகிறது. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும் வழக்கத்திலும் இவ்வாயுவே செயல்படுகிறது. வெளிநாடுகளில் பச்சையாகப் பறித்த தக்காளியை அறையிலிட்டு எத்திலீன் செலுத்திச் சிவக்கச் செய்கின்றனர்.

இங்கே ஒரு நுட்பத்தை அறிய வேண்டும். பறித்த காய் சிவக்கும், மென்மையாகும். ஆனால், இலைகளிலிருந்து காம்பு வழியாக வரும் சர்க்கரை பறித்த நொடியே நின்றுவிடுகிறது. செடியில் எஞ்சிய நாள்களில் சேர்ந்திருக்க வேண்டிய இனிப்பும், அதனோடு உருவாகியிருக்க வேண்டிய மணமும் அக்காய்க்குக் கிட்டுவதில்லை. அது பழுத்த தோற்றத்தைப் பெறுகிறது. பழுத்ததன் முழுப்பயனைப் பெறுவதில்லை.

ஒரே சீரான சிவப்பின் விலை

முதிர்ந்த பச்சைத் தக்காளியின் காம்பை ஒட்டிய தோள்பகுதி மற்ற இடங்களைவிடக் கரும்பச்சையாக இருப்பது பழைய ரகங்களின் இயல்பு. அத்தகைய பழங்கள் சிவக்கும்போது தோள்பகுதி மட்டும் பின்தங்கிப் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிற்கும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், காய் முழுவதும் வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் ஒரு சடுதிமாற்றம் கண்டறியப்பட்டது. எப்போது பறிப்பது என்பதை எளிதில் கணிக்க முடிந்தது. கடையில் அடுக்கினால் கண்ணைக் கவர்ந்தது. ஆகவே, பயிர்ப்பெருக்க அறிஞர்கள் அப்பண்பைப் புதிய ரகங்களில் தொடர்ந்து புகுத்தினர்.

அதன் மறுபக்கம் 2012இல் வெளிப்பட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆன் பவல் முதலிய ஆய்வாளர்கள், இச்சடுதிமாற்றம் எந்த மரபணுவில் நிகழ்ந்தது எனக் கண்டறிந்தனர். காயில் பசுங்கணிகங்கள் நன்கு வளர அம்மரபணு உதவுகிறது. பசுங்கணிகங்கள் ஒளிச்சேர்க்கை செய்து காய்க்குள்ளேயே சர்க்கரையை உண்டாக்குகின்றன. பழத்தின் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இவ்வாறு காயிலேயே உருவாகலாம் எனக் கணிக்கப்படுகிறது. சடுதிமாற்றத்தால் அம்மரபணு செயலிழக்கவே, காயின் உள்ளே நடந்த அச்சிறிய சமையல் நின்றுபோயிற்று. அழகுக்காகப் பச்சைத்தோளை நீக்கியவர்கள், தம்மை அறியாமலே இனிப்பின் ஒரு பகுதியையும் நீக்கிவிட்டனர்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல ஒப்புமை உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 என்னும் ரகம், அண்ணஞ்சி என்னும் உள்ளூர் வகையில் சடுதிமாற்றத்தைத் தூண்டிப் பெறப்பட்டது. அதன் கனி தட்டையான உருண்டை வடிவமும் பச்சைத்தோளும் உடையது. அதே நேரத்தில் தொலைதூரம் கொண்டுசெல்லவும் ஏற்றது. பயணம் தாங்கும் உறுதியும் பச்சைத்தோளும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இந்த ரகம் சான்றாக நிற்கிறது.

எடைக்கே விலை

சுவை குறைந்ததற்கு உழவரைக் குறை கூறலாமா? அவர் விளைவித்த தக்காளியைச் சந்தையில் பெட்டி போட்டு எடைக்கு விற்கிறார். இனிப்புக்கோ மணத்துக்கோ தனி விலை இல்லை. எடைக்கு மட்டும் விலை கிடைக்கும் இடத்தில், எடை மிகுந்த பயிரைத் தேர்வது இயல்பே. ஒரு செடியின் இலைகள் ஆக்கும் சர்க்கரைக்கு ஓர் எல்லை உண்டு. அச்செடியில் காய்கள் மிகும்போதும், ஒவ்வொரு காயும் பெரிதாகும்போதும், கிடைக்கும் சர்க்கரை பலவாகப் பங்கிடப்படுகிறது. ஒரு செம்புப் பாலில் நீர் சேர்த்துப் பத்துப் பேருக்கு ஊற்றுவதைப் போன்றது இது. அனைவருக்கும் குவளை நிறையும், பால் மட்டும் நீர்க்கும்.

உழவர் எதிர்கொள்ளும் இடர்கள் வேறு பலவும் உள்ளன. இலைச்சுருட்டை நோய், வாடல் நோய், இலைக்கருகல் நோய் ஆகியவை ஒரே பருவத்தில் தோட்டத்தையே அழித்துவிடக்கூடியவை. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், இம்மூன்றையும் எதிர்க்கும் 'அர்க்கா ரக்‌ஷக்' என்னும் வீரிய ஒட்டு ரகத்தை உருவாக்கியது. கடனை நம்பிப் பயிரிடும் உழவருக்கு அத்தகைய பாதுகாப்பு, சுவையைவிட முதன்மையானது.

விலையின் ஏற்றஇறக்கமும் கொடியது. 2023 ஜூலையில் நாடெங்கும் ஒரு கிலோ தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்கச் செய்தது. விளைச்சல் மிகுந்த காலங்களில் பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல், பழங்களைச் சாலையோரம் கொட்டும் துயரமும் நேர்கிறது. இரண்டு நாளில் குழைந்துவிடும் பழத்தை வைத்திருப்பவர், கேட்ட விலைக்குக் கொடுத்தே தீர வேண்டும். பத்து நாள் தாங்கும் பழம் அவருக்குச் சற்றேனும் பேரம் பேசும் வலிமையைத் தருகிறது. தடித்த தோலின் பின்னால் இத்தகைய வாழ்வியல் நெருக்கடி இருக்கிறது.

பழம் நெடுநாள் தாங்குவதற்கான முயற்சிகள் உலகெங்கும் நடந்தன. 1960களில், பழுத்தலையே தடுக்கும் ஒரு சடுதிமாற்றம் கண்டறியப்பட்டது. அதனை இயல்பான ரகத்துடன் இணைத்து உருவாக்கிய ஒட்டு ரகங்கள் மெதுவாகப் பழுத்தன. பல நாள் கெடாமல் இருந்தன. ஆனால், நிறமும் மணமும் குன்றின. 1994இல் அமெரிக்காவின் கால்ஜீன் நிறுவனம், செல்சுவரைக் கரைக்கும் நொதியைக் குறைத்து, 'ஃபிளேவர் சேவர்' என்னும் மரபணு மாற்றத் தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரபணுப் பொறியியலால் உருவாகி உணவாக விற்கப்பட்ட முதல் விளைபொருள் அதுவே. 'சுவை காப்பது' என்னும் பொருள்படப் பெயர் சூட்டப்பட்ட அத்தக்காளி, சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து மறைந்தது. கெடாமல் காப்பதும் சுவையைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை அத்தோல்வி உணர்த்தியது.

குளிரில் அடங்கும் மணம்

வெப்பநாட்டுப் பயிரான தக்காளிக்குக் கடுங்குளிர் ஒவ்வாது. ஆயினும், கிடங்கிலும் அங்காடியிலும் வீட்டிலும் அது குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பழுத்த தக்காளிகள் 5 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஏழு நாள்கள் வைக்கப்பட்டன. சர்க்கரையும் அமிலமும் பெரிதும் மாறவில்லை. மணச்சேர்மங்களோ வெகுவாகக் குறைந்தன. பின்னர் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தபோதும் இழந்த மணம் முழுமையாகத் திரும்பவில்லை. குளிரானது, மணத்தை உருவாக்கும் மரபணுக்களின்மீது வேதிக் குறியீடுகளைப் பதித்து அவற்றின் செயலை அடக்கிவிடுகிறது என ஆய்வாளர்கள் விளக்கினர். ஓரிரு நாள் குளிரில் இத்தகைய பேரிழப்பு காணப்படவில்லை.

திருச்சியின் கோடை வெயிலில் பழுத்த தக்காளி விரைவில் அழுகிவிடும் என்பதும் உண்மையே. எனவே, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக வாங்குவதும், செங்காயாக உள்ளவற்றை வெளியில் வைத்துப் பழுக்கவிடுவதும், முழுதும் பழுத்தவற்றை விரைவில் பயன்படுத்துவதும் சுவையையும் காக்கும், வீணாவதையும் குறைக்கும்.

மீளும் வழிகள்

இழந்த சுவை மீளுமா? மீளும் என்பதற்கு நம்பிக்கையூட்டும் செய்திகள் உள்ளன. 2019இல் வெளியான ஓர் ஆய்வு 725 தக்காளி வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்டது. மணத்தை உருவாக்கத் துணைபுரியும் ஒரு மரபணுவின் அரிய வடிவம், காட்டுத் தக்காளிகளில் 90 விழுக்காட்டிற்கும் மேலானவற்றில் இருந்தது; பயிராக்கப்பட்ட பழைய ரகங்களிலோ ஏறத்தாழ 2 விழுக்காட்டில் மட்டுமே எஞ்சியிருந்தது. இன்றைய ரகங்களில் அது 7 விழுக்காடாக உயர்ந்திருப்பதாக அவ்வாய்வு கூறுகிறது. காட்டுத் தக்காளியின் நோயெதிர்ப்புப் பண்புகளைப் புதிய ரகங்களில் சேர்க்கும்போது, மணமும் உடன் வந்து சேர்ந்திருக்கக்கூடும். மணத்தைக் கூட்டும் மரபணுக்கள் பழத்தின் அளவைக் குறைப்பதில்லை என்பதால், விளைச்சலை இழக்காமலே சுவையை ஓரளவு மீட்க இயலும்.

இதற்கு அடிப்படை, பழைய விதைகள் அழியாமல் இருப்பதாகும். அண்ணஞ்சி என்னும் உள்ளூர் வகை இல்லையெனில் பி.கே.எம். 1 தோன்றியிருக்காது. தெரிவு ரகத்தின் விதையை உழவர் தாமே எடுத்து மறுபருவத்தில் விதைக்கலாம்; வீரிய ஒட்டு ரகத்துக்கோ ஒவ்வொரு பருவமும் விதை வாங்க வேண்டும். ஓர் உள்ளூர் வகை வழக்கொழியும்போது, அதனுள் இருந்த சுவையின் குறிப்பும் அழிந்துபோகிறது. பின்னர் அதனை எந்த ஆய்வகத்தாலும் எளிதில் எழுதிவிட முடியாது.

சந்தையின் தொலைவைக் குறைப்பதும் ஒரு வழி. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகள், விளைவித்தவரே நேரடியாக விற்க வகைசெய்தன. திருச்சியில் தென்னூர் உழவர் சந்தைக்கு அருகூர்களிலிருந்து வரும் உழவர், முதல்நாள் மாலையில் பறித்ததை மறுநாள் காலையில் விற்றுவிட முடியும். நெடும்பயணம் இல்லாதபோது, காயாகப் பறிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. செடியிலேயே நன்கு பழுத்த கனியை வாங்குவோர் மிகுந்தால், அத்தகைய கனியை விளைவிப்போரும் மிகுவர். நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் கண்டு விலை தருவது நுகர்வோரின் வழக்கமாக இருக்கும்வரை, வயலும் அவ்விரண்டையே விளைவிக்கும்.

சத்திரம் பேருந்து நிலையத்தின் ஓரத்தில் காலைதோறும் எழும் வினா இவ்விடத்தில் மீண்டும் நினைக்கத்தக்கது. "ரசத்துக்காம்மா, வச்சிருந்து எடுக்கவா?" என்று கேட்பவர் தாவரவியல் கற்றவரல்லர். எனினும், ஒரு கனிக்கு இரு பயன்கள் உண்டு என்பதையும், ஒன்றைப் பெறும்போது மற்றொன்றில் சிறிது இழக்க நேரும் என்பதையும் அவர் அறிவார். கடந்த ஒரு நூற்றாண்டில் உலகச் சந்தை தக்காளியிடம் 'வைத்திருந்து எடுக்க' உதவுவாயா என்று மட்டுமே கேட்டது. ரசத்துக்கான வினாவையும் சேர்த்துக் கேட்கும் நுகர்வோரும், அதற்கு உரிய விலை தரும் சந்தையும், அதற்கேற்ற விதையைக் காக்கும் ஆய்வு நிலையங்களும் கைகோத்தால், கொதிக்கும் ரசத்தின் மணம் மீண்டும் தெருவரை வந்து வழிப்போக்கரை நின்று திரும்பிப் பார்க்கச் செய்யும்.